ஒரே நாவலை நேசித்தவர்கள் படம் பார்த்ததும் இரண்டு கட்சியாவது ஏன்?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். பள்ளி நாட்களிலிருந்து நீங்களும் நண்பர்களும் திரும்பத் திரும்பப் படித்த மாயாஜால நாவல் ஒன்று படமாகிவிட்டது. பார்த்தவர்களில் பாதிப் பேர் கொண்டாடுகிறார்கள், பாதிப் பேர் துரோகம் என்கிறார்கள். நீங்கள் குறிப்பிடும் குறைகள் மூன்று: நதிக்கரை மக்களின் கிளைக்கதையை மொத்தமாகத் தூக்கிவிட்டார்கள், நாயகனாக நடித்தவர் புத்தக வர்ணனைக்குப் பொருந்தவில்லை, நாவலில் தன் மந்திர சக்தியைத் தானே துறக்கும் அக்காவிடமிருந்து, படத்தில் வில்லன் அதைப் பிடுங்கிக்கொள்கிறான். யார் சொல்வது சரி, 'படத்தைப் படமாகப் பார்' என்று நண்பர்கள் சொல்வது நியாயமான பதில்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கதை வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று படத்தின் பெயரை மறைத்துவிட்டீர்கள். ஆகவே அந்தப் படத்துக்கு என்னால் மதிப்பெண் போட முடியாது. நீங்கள் கேட்பதும் மதிப்பெண் இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஒரே புத்தகத்தை ஒரே அளவு நேசித்தவர்கள், ஒரே திரையைப் பார்த்துவிட்டு எப்படி எதிரெதிராகப் போய் நின்றார்கள் என்பதுதான் உங்களை உறுத்துகிறது.

நான் பல வருடங்களாக நாவல்களைத் திரைக்கதையாக்கும் குழுக்களில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் டைட்டிலில் பெயர் வராத வேலை. நாவலைப் பிரித்துப் போட்டு, சீன் சீனாக ஒன்லைன் எழுதி, எது நிற்க வேண்டும் எது போக வேண்டும் என்று இயக்குநரிடம் மல்லுக்கட்டுவது. அதனால் நான் சொல்வதில் திரைக்கதை எழுதுபவனின் சாய்வு கொஞ்சம் இருக்கும். நடிப்பு, இசை, கிராஃபிக்ஸ் பற்றி உங்களைப் போல ஒரு ரசிகனாகத்தான் பேச முடியும்.

முதலில், சந்தேகமே இல்லாத கணக்கு ஒன்று. திரைக்கதையில் ஒரு பக்கம் என்றால் திரையில் சுமார் ஒரு நிமிடம் என்பது இந்தத் தொழிலின் பழைய கணக்கு. இரண்டரை மணி நேரப் படம் என்றால் கையில் இருப்பது ஏறத்தாழ 150 பக்கம். அந்தப் பக்கங்களும் நாவல் பக்கம் போல நெருக்கமாக அச்சடித்தவை இல்லை. பாதிக்கு மேல் வெற்றிடம். 500 பக்க நாவலில் ஐந்தில் ஒரு பங்கு நேரடியாக வந்தாலே பெரிய விஷயம். அப்புறம், மாயாஜாலக் கதைக்கென்று ஒரு கூடுதல் சுமை இருக்கிறது. சாதாரணக் குடும்பக் கதையில் ஒருவர் கதவைத் திறந்தால் அவர் கதவைத் திறக்கிறார், அவ்வளவுதான். மாயாஜாலக் கதையில் அந்தக் கதவு யார் செய்தது, எந்த மந்திரத்துக்குத் திறக்கும், தவறாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பார்ப்பவருக்குச் சொல்லியாக வேண்டும். நாவலாசிரியர் அதை இரண்டு பத்தியில் போகிற போக்கில் சொல்லிவிடுவார். திரையில் அதற்காக ஒருவர் வாயைத் திறந்து விளக்க வேண்டும், அந்த விளக்கம் ஓடும் நேரத்தில் கதை நிற்கும். இந்த விளக்கங்கள் தின்னும் நிமிடங்களுக்காகத்தான் பல கிளைக்கதைகள் பலியாகின்றன. உங்கள் நதிக்கரை மக்களும் அநேகமாக அப்படித்தான் போயிருப்பார்கள்.

எதையாவது இழக்கத்தான் வேண்டும் என்பது எழுத்தாளர்களுக்கும் தெரியும். 1958-இல் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நாவலை எழுதிய டோல்கீனிடம் அதன் திரைவடிவத்துக்கான கதைச்சுருக்கம் ஒன்று வந்தது. அதைக் கிழித்துத் தோரணம் கட்டி அவர் எழுதிய கடிதம் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கிறது. அவ்வளவு கோபத்துக்கு நடுவிலும் அவர் வெட்டுவதை எதிர்க்கவில்லை. நடமாடும் மர மனிதர்களான என்டுகளும் கோட்டைப் போரும் இரண்டுமே அர்த்தத்தோடு வர இடமில்லை என்றால், ஒன்றைத் தூக்கிவிட வேண்டும், அது கோட்டைப் போராகவே இருக்கட்டும் என்கிறார். எல்லாவற்றையும் நெருக்கி அடைத்து ஒவ்வொன்றையும் நாசமாக்குவதை விட ஒன்றை முழுசாக விட்டுவிடுவது மேல் என்பது அவர் கட்சி. கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்துப் பீட்டர் ஜாக்சன் எடுத்த படத்தில் அந்தக் கோட்டைப் போர்தான் இரண்டாம் பாகத்தின் உச்சக்கட்டம். புத்தகத்தின் உயிர் எது என்பதில் எழுத்தாளரும் இயக்குநருமே எதிரெதிர் என்றால், உங்கள் நண்பர்கள் பிரிந்து நிற்பதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

நான் கவனித்தவரை, ரசிகர்களைப் பிரிப்பது வெட்டு இல்லை. கொஞ்ச நாள் முணுமுணுப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். ஜாக்சனின் அந்தப் படவரிசையில் டாம் பாம்படில் என்ற பாத்திரத்தை மொத்தமாக விட்டுவிட்டார்கள். புத்தகப் பிரியர்களுக்கு அது வருத்தம்தான். ஆனால் படத்தை வெறுக்க அதைக் காரணமாகச் சொன்னவர்கள் குறைவு. திரையில் வராத பாம்படில் அவர்கள் மனதில் அப்படியே பத்திரமாக இருக்கிறார். யாரும் அவரைத் தொடவில்லை. இதற்கு நேர் எதிரான கதை அதே டோல்கீனின் 'தி ஹாபிட்'. சுமார் 300 பக்கம் உள்ள சிறுவர் நாவல், 2012 தொடங்கி மூன்று படங்கள், எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இதைப் போல மூன்று மடங்குக்கு மேல் பெரிய 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' மூன்று படங்களும் சேர்ந்து ஒன்பது மணி நேரத்தைச் சற்றே தாண்டுகின்றன. இடம் தாராளம், எதையும் வெட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. நாவலில் இல்லாத டோரியல் என்ற பாத்திரத்தைக் கூடச் சேர்க்க முடிந்தது. இருந்தும் ரசிகர்களின் அதிருப்தி முதல் மூன்று படங்களை விட இதற்குத்தான் அதிகம். பக்கக் கணக்கு மட்டுமே பிரச்சினை என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

பின்னே எது பிரிக்கிறது? ஒரு பாத்திரம் நாவலில் எடுத்த முடிவைப் படம் மாற்றும்போதுதான் பிரிவு வருகிறது என்பது என் கட்சி. இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' கதையில் வரும் ஃபாரமிர். நாவலில், எல்லாரையும் மயக்கும் தீய மோதிரத்தை அழிக்கக் கொண்டுபோகும் ஃப்ரோடோ, மோதிரத்தோடு தானாக வந்து அவன் கையில் சிக்குகிறான். அவன் அண்ணன் அந்த மோதிரத்தின் ஆசையில்தான் அழிந்தான். இவனோ, வழியில் கிடந்தாலும் இதை எடுக்க மாட்டேன் என்று சொல்பவன். சொன்னபடியே நடக்கவும் செய்கிறான். பயணிகளுக்கு உணவு கொடுத்து வழியனுப்பி வைக்கிறான். 2002-இல் வந்த படத்தில் ஃபாரமிர் மோதிரத்தைத் தந்தையிடம் கொண்டுபோக முடிவு செய்கிறான், கைதிகளை ஓஸ்கிலியாத் நகரம் வரை இழுத்துப் போகிறான், கடைசியில்தான் மனம் மாறி விடுவிக்கிறான். இரண்டிலும் முடிவில் ஃப்ரோடோ விடுதலையாகிறான். கதையின் ஓட்டத்தை மட்டும் பார்த்தால் பெரிய சேதம் எதுவும் இல்லை. ஆனால் ஃபாரமிரை நேசித்தவர்கள் அவன் மோதிரத்தை வேண்டாம் என்று சொன்னதற்காக நேசித்தவர்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடுங்கிவிட்டால் அவர்களுக்கு அவன் வேறு ஆள்.

திரைக்கதை எழுதியவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது நல்ல நியாயம். முதல் படம் முழுவதும், மோதிரம் யாரையும் மயக்கும், பெரிய மனிதர்கள் கூடத் தொட அஞ்சுவார்கள் என்று படிப்படியாகக் கட்டி எழுப்பியிருக்கிறார்கள். திடீரென்று ஒருவன் வந்து அதைப் பொருட்படுத்தாமல் நின்றால், புத்தகம் படிக்காத பார்வையாளர் மோதிரத்துக்குப் பயப்படுவதை நிறுத்திவிடுவார். அதோடு, நாவலின் இரண்டாம் பகுதியில் ஃப்ரோடோவுக்கு நேரும் பெரிய ஆபத்தான ராட்சச சிலந்தியை மூன்றாம் படத்துக்குத் தள்ளிவிட்டதால், இரண்டாம் படத்தில் அவன் பாதைக்கு வேறு தடை ஒன்று வேண்டியிருந்தது. ஃபாரமிரே தடையானான். நான் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் ஒருவேளை அதையேதான் செய்திருப்பேன். ஆனாலும் ரசிகனின் கோபம் தப்பு என்று சொல்ல மாட்டேன். இரண்டு பேரும் சரியாக இருக்கக்கூடிய சண்டை இது. அதனால்தான் இன்றும் முடியாமல் இழுக்கிறது.

பாத்திரம் எடுக்கும் முடிவு என்றால் பெரிய திருப்பம்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ஹாரி பாட்டர் நான்காம் நாவலில், போட்டியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் தீக்கோப்பைக்குள் உன் பெயரை நீ போட்டாயா என்று தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹாரியிடம் கேட்கும் இடம் உண்டு. அமைதியாகக் கேட்டார் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. 2005-இல் வந்த படத்தில் டம்பிள்டோராக நடித்த மைக்கேல் கேம்பன் விருட்டென்று பாய்ந்து வந்து, பையனைப் பிடித்து உலுக்கிக் கேட்கிறார். சில நொடிகள்தான். வசனம் கிட்டத்தட்ட அதேதான். இன்றுவரை ரசிகர்கள் அந்த நொடிகளை வைத்துக் கேலிப் படங்கள் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஏன்? சுற்றிலும் எல்லாரும் பதறும்போது ஒருவர் மட்டும் பதறாமல் இருக்கிறார் என்பதுதான் அந்த முதியவரின் மேல் வாசகருக்கு இருந்த நம்பிக்கை. அவர் நிதானத்தை இழக்க மாட்டார் என்பதும் ஒரு வகை முடிவு. பாத்திரம் ஒவ்வொரு நாளும் எடுக்கிற முடிவு.

தோற்றம் விஷயத்திலும் இதே அளவுகோல் உதவும். நாவலில் ஹாரிக்குப் பச்சைக் கண்கள். நடித்த டேனியல் ராட்க்ளிஃபுக்கு நீலம். கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தார்கள், அவர் கண்ணுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, விட்டுவிட்டார்கள். கதைக்கு நிறம் முக்கியமில்லை, அவன் கண்கள் அவன் அம்மாவின் கண்களைப் போல இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அந்த ஒற்றுமையின் மேல் ஒரு முக்கியப் பாத்திரத்தின் வாழ்க்கையே நிற்கிறது. சரி, நீலமாகவே இருக்கட்டும், இருவருக்கும் நீலம் என்றால் போதும். ஆனால் 2011-இல் வந்த கடைசிப் படத்தில், சிறுமியாக வரும் அம்மாவுக்குப் பழுப்புக் கண்கள். எட்டுப் படங்களாகப் பச்சை இல்லாததைச் சகித்தவர்கள் கூட அந்த இடத்தில் எரிச்சலானது நியாயம் என்பேன். உங்கள் நாயகனின் தோற்றத்தைப் பற்றியும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: அந்த வர்ணனை கதையில் ஏதாவது வேலை செய்கிறதா, இல்லை நீங்கள் பல வருடம் மனதில் பார்த்துப் பழகிய முகம் மட்டும்தானா? இரண்டாவது என்றால், கொஞ்ச நாளில் பழகிவிடும். உங்கள் பழைய முகம் அழிந்துபோகும் அபாயமும் உண்டு, அது வேறு துக்கம்.

தோற்றமே புத்தகத்தின் நிலைப்பாடாக இருக்கும் நாவல்களும் இருக்கின்றன. அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ நாவல்களில் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்தத் தீவுகளின் மக்களில் பெரும்பாலோர் வெள்ளையர் இல்லை. மந்திரவாதி என்றாலே வெள்ளைத் தோல் என்றிருந்த காலத்தில் அவர் தெரிந்தே செய்த தேர்வு அது. 2004-இல் வந்த தொலைக்காட்சிக் குறுந்தொடரில் கெட்டாக ஒரு வெள்ளை நடிகரைப் போட்டார்கள். லெ குவின் அதைக் கண்டித்து வெளிப்படையாகவே கட்டுரை எழுதினார். இதைக் கண்ணின் நிறம் மாறியதோடு ஒரே தட்டில் வைத்து, 'ரசிகர்களுக்கு எல்லாவற்றுக்கும் புகார்தான்' என்று சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. இங்கே மாறியது எழுத்தாளரின் முடிவு.

முடிவை மாற்றுவதன் உச்சம் என்று நான் நினைப்பது மைக்கேல் எண்டேயின் 'தி நெவரெண்டிங் ஸ்டோரி'. அந்த நாவலின் ஏறக்குறைய முதல் பாதியைத்தான் 1984-இல் படமாக்கினார்கள். நாவலின் பின்பாதியில், புத்தகம் படித்துக்கொண்டிருந்த சிறுவன் அந்தக் கதைக்குள்ளேயே போய்விடுகிறான். அங்கே அவன் ஆசைப்படுவதெல்லாம் நடக்கும், ஆனால் ஒவ்வோர் ஆசைக்கும் அவன் நினைவில் ஒன்று கழன்றுபோகும். ஆசை நிறைவேறுவதன் விலை என்ன என்பதுதான் அந்தப் புத்தகம். படத்தின் முடிவில் சிறுவன் பறக்கும் டிராகன் மேலேறி நிஜ உலகத் தெருவில் தன்னைக் கொடுமைப்படுத்திய பையன்களைத் துரத்துகிறான். விலையே இல்லாத ஆசை. எண்டே தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார், வழக்கும் போட்டார், தோற்றார். அதே படத்தைச் சிறு வயதில் பார்த்துவிட்டு வாழ்நாள் முழுவதும் கொண்டாடுபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அவர்களில் பலர் புத்தகத்தைத் தொட்டதே இல்லை. அவர்கள் ஏமாளிகளா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர்கள் பார்த்தது ஒரு நல்ல சாகசப் படம். எண்டே எழுதியதன் தலைகீழ் வடிவம் என்று அவர்களுக்குத் தெரிய வழியில்லை.

சரி, இதுவரை சொன்னது கோபப்படுபவர்களின் தரப்பு. உங்கள் நண்பர்களில் மற்றப் பாதி அதே நாவலைப் படித்துவிட்டும் ஏன் கோபப்படவில்லை? அவர்கள் ஒழுங்காகப் படிக்கவில்லை என்று சொல்வது சுலபம். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் பொய். நாவல் வேலை தொடங்கும்போது குழுவில் இருப்பவர்களிடம் ஒன்று செய்யச் சொல்வேன்: புத்தகத்தைத் திறக்காமல், நினைவில் இருப்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். ஒரே வாரத்தில் படித்து முடித்தவர்களின் பக்கங்கள் கூட ஒன்றுபோல இருக்காது. ஒருவர் யார் யாரைக் கொன்றார்கள் என்று வரிசையாக எழுதியிருப்பார். இன்னொருவர் நகரத்தின் தெருக்கள், விளக்குகள், மழை என்று எழுதிவிட்டுச் சண்டையை ஒரே வரியில் முடித்திருப்பார். மூன்றாமவர் இரண்டு பேருக்கு நடுவிலான ஒரு பேச்சை மட்டும் கிட்டத்தட்ட வரி மாறாமல் எழுதியிருப்பார், வேறொன்றும் நினைவில்லை என்பார். எல்லாரும் அந்தப் புத்தகத்தை உயிராக நேசிப்பவர்கள்தான். படம் அந்த நகரத்தை அழகாகக் கட்டிவிட்டால் இரண்டாமவர் மகிழ்ந்துபோவார். மூன்றாமவரின் பேச்சு வெட்டப்பட்டிருந்தால் அவருக்குப் படமே இல்லை.

ஹாரி பாட்டர் மூன்றாம் படம் இதற்கு நல்ல சாட்சி. முதல் இரண்டு படங்களைக் கிறிஸ் கொலம்பஸ் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுத்தார் என்று சொல்லலாம், அவ்வளவு விசுவாசம். 2004-இல் அல்ஃபோன்ஸோ குவாரோன் வந்து மாணவர்களைப் பல காட்சிகளில் சீருடை அங்கி இல்லாமல் சாதாரண உடையில் நடக்கவிட்டார், பள்ளியைச் சுற்றியிருந்த நிலத்தையே மாற்றினார், மாய வரைபடத்தை உருவாக்கிய நால்வர் யார் என்பதை விளக்காமலே விட்டார். நாவலைக் கதைக்காகப் படித்தவர்களுக்கு அந்த விடுபடல் பெரிய ஓட்டை. வளர்ந்துவரும் பிள்ளைகளின் பயத்துக்காகப் படித்தவர்களுக்கோ வரிசையிலேயே சிறந்த படம் அதுதான். விமர்சகர்கள் பெரும்பாலும் இரண்டாம் கட்சி. அந்த எட்டுப் படங்களில் வெளியான காலத்தில் மிகக் குறைவாக வசூலித்ததும் இதே படம்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். வசூலுக்கு வெளியீட்டு நேரம், போட்டிப் படங்கள் என்று நூறு காரணம் இருக்கும். விசுவாசமாக எடுத்தால் ஓடும், மாற்றினால் ஓடாது என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் இரண்டு பக்கத்திலும் உதாரணங்கள் கிடைக்கும்.

இன்னொரு வகை வாசகரும் உண்டு. கதை, உலகம், பாத்திரம் எல்லாவற்றையும் விட, கதை சொல்லும் குரலுக்காகப் படிப்பவர். இவரைத் திருப்திப்படுத்துவதுதான் எங்களுக்கு மிகவும் கஷ்டம், ஏனென்றால் அந்தக் குரல் கேமராவுக்குள் வராது. 'தி ஹாபிட்' தோற்ற இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. குழந்தைக்குச் சொல்வது போல நடுநடுவே குறும்பாகப் பேசும் கதைசொல்லி போய்விட்டார், அந்த இடத்தில் யுத்தம் வந்துவிட்டது. 1987-இல் வந்த 'தி பிரின்சஸ் பிரைட்' இதைச் சமாளித்தது. வில்லியம் கோல்ட்மேன் தன் நாவலுக்குத் தானே திரைக்கதை எழுதினார். நாவல், வேறு யாரோ எழுதிய பெரிய புத்தகத்தைச் சுருக்கித் தருவதாகப் பாவனை செய்து, நடுவில் புகுந்து புகுந்து கிண்டலடிக்கும். படத்தில் அந்த ஏற்பாட்டையே தூக்கிவிட்டு, காய்ச்சலில் கிடக்கும் பேரனுக்குத் தாத்தா புத்தகம் படித்துக் காட்டுவதாக மாற்றினார். பையன் குறுக்கே குறுக்கே பேசுகிறான், முத்தக் காட்சி வந்தால் முகம் சுளிக்கிறான். சட்டகம் மாறியது, குரல் தப்பித்தது. அதை எழுதியவரே தைரியமாகத் தன் புத்தகத்தை உடைத்ததால்தான் முடிந்தது என்று சொல்லலாம். அதற்காக எழுத்தாளரைச் சேர்த்துக்கொண்டால் போதும் என்று விதி போடவும் மாட்டேன். நல்ல நாவலாசிரியர்கள் தங்கள் புத்தகத்தில் ஒரு வரியைக் கூட விட மனமில்லாமல் திரைக்கதையைத் திணறடித்ததை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

எழுத்தாளர் எச்சரித்தும் கேட்காமல் போன கதையும் உண்டு. பெர்சி ஜாக்சன் நாவல் தொடங்கும்போது நாயகனுக்கு 12 வயது. 2010-இல் வந்த படத்தில் அவனைச் சில வயது கூட்டிப் பதின்பருவத்தின் பின்பகுதிக்குக் கொண்டுபோனார்கள். தொடரின் பெரிய தீர்க்கதரிசனமே பதினாறாம் வயதைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இந்த வயது மாற்றம் வேண்டாம், ரசிகர்கள் ஏற்க மாட்டார்கள் என்று ரிக் ரியோர்டன் தயாரிப்புத் தரப்புக்கு எழுதிய கடிதங்களைப் பின்னாளில் அவரே வெளியிட்டார். ஐந்து நாவல்களில் இரண்டோடு படவரிசை நின்றுபோனது. 2023 டிசம்பரில் தொலைக்காட்சித் தொடராக மறுபடி தொடங்கியபோது சிறுவனையே நடிக்க வைத்தார்கள்.

காலம் என்ன செய்யும் என்பது என்னால் கணிக்க முடியாத விஷயம். முதல் வாரத்தில் உரக்கக் கேட்பவை இரண்டு முனைக் குரல்கள்தான். 'பரவாயில்லை, சில இடம் பிடித்தது' என்பவர் வந்து எழுத மாட்டார். பல வருடம் கழித்துச் சில மாற்றங்கள் அசலாகவே ஆகிவிடுகின்றன. 1900-இல் வெளிவந்த ஓஸ் மந்திரவாதி நாவலில் நாயகியான சிறுமி டோரதி போடுவது வெள்ளிக் காலணி. 1939 படத்தில், புதிதாகக் கிடைத்த டெக்னிகலர் வண்ணத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று அதைச் சிவப்பாக்கினார்கள். அதைவிடப் பெரிய மாற்றம், நாவலில் ஓஸ் என்ற மாய நாடு நிஜமான இடம். படத்தில் அவள் கண்ட கனவு. என் கணக்குப்படி அது மன்னிக்கவே முடியாத மாற்றமாக இருந்திருக்க வேண்டும். இன்று பெரும்பாலோர் நினைவில் இருப்பது சிவப்புக் காலணியும் கனவும்தான். ஆக, நான் சொல்லும் அளவுகோல் புத்தகத்தை முதலில் படித்தவர்களுக்குத்தான் பொருந்தும். படத்தை முதலில் பார்த்து வளரும் தலைமுறைக்கு அந்த வலியே கிடையாது.

'படத்தைப் படமாகப் பார்' என்ற பதிலுக்கு வருகிறேன். பாதி நியாயம். எர்த்ஸீயை வைத்து ஜப்பானின் ஜிப்லி ஸ்டூடியோ 2006-இல் எடுத்த அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டு, இயக்குநர் கோரோ மியாசாகி கேட்டபோது லெ குவின் சொன்னது: இது என் புத்தகம் இல்லை, உங்கள் படம், நல்ல படம். பிறகு தன் இணையதளத்தில் அந்தப் படத்தின் மேல் தனக்கிருந்த ஏமாற்றத்தை விரிவாகவே எழுதினார். இரண்டும் ஒரே ஆள் சொன்னவை, இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. படம் படமாக நிற்கிறதா என்பது ஒரு கேள்வி, புத்தகத்திலிருந்து எடுத்ததற்கு அது என்ன செய்தது என்பது இன்னொரு கேள்வி. புத்தகத்தின் பெயரைப் போட்டு டிக்கெட் விற்றவர்கள், இரண்டாவது கேள்வி வரும்போது மட்டும் முதலாவதற்குப் பின்னால் ஒளியக் கூடாது. அதே மாதிரி, இரண்டாவதற்கான கோபத்தில் முதலாவதற்குப் பூஜ்யம் போடுவதும் சரியில்லை. முடிந்தால் இரண்டாம் முறை பாருங்கள். முதல் முறை நம் மூளை ஒப்பிட்டுக்கொண்டேதான் இருக்கும், அதைத் தடுக்க முடியாது. இரண்டாம் முறை எது வராது என்று தெரிந்துவிடுவதால், வருவதைப் பார்க்க நேரம் கிடைக்கும்.

இனி உங்கள் மூன்று குறைகள். நதிக்கரை மக்கள் போனது வெட்டு. வருத்தப்படுங்கள், ஆனால் அதற்காக நண்பர்களோடு சண்டை வேண்டாம். நாயகனின் முகம், மேலே சொன்னபடி, கதையில் அதற்கு வேலை இருந்தால் மட்டும் குறை. அக்காவின் விஷயம் வேறு. தானே துறந்தவளையும் பறிகொடுத்தவளையும் ஒரே பெண் என்று என்னால் ஏற்க முடியவில்லை. படத்தைப் பார்க்காமலேயே இந்த ஒன்றில் உங்கள் பக்கம்தான் நிற்கிறேன். ஏன் செய்திருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது: துறப்பது உள்ளுக்குள் நடக்கும் காரியம், நாவலில் பத்துப் பக்கம் யோசிப்பாள், பறிப்பதை நாற்பது நொடியில் காட்டிவிடலாம், வில்லன் மேல் கோபமும் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசியில் இது முதல் பாகம்தான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஒரு வழி மிச்சமிருக்கிறது. அடுத்த பாகத்தில் அந்தச் சக்தி அவள் கைக்குத் திரும்ப வந்து, அப்போது அவளே வேண்டாம் என்று வைத்துவிட்டால், முடிவை மாற்றவில்லை, தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். திரைக்கதைக் குழுக்கள் அடிக்கடி செய்யும் வேலைதான் அது. அவள் அதை வாங்கிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினால், உங்கள் கட்சிக்காரர்கள் சொன்னது சரி என்று நானும் வந்து எழுதுகிறேன்.